யாருக்கு வரவில்லை? கோலாலம்பூர், பினாங்கு நாட்குறிப்பு

செவ்வாய், செந்தூல்

திருச்சியில் விமானம் ஏறினால் கோலாலம்பூர் வரைக்கும் தமிழ்ப் பேச்சுதான். இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா காரில் வந்து அழைத்துப்போனார். வீடு செந்தூலில். ரயில்வே பட்டறை ஓடிய காலத்திலிருந்தே தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதி.

நான் கோபுரம் பார்க்க வரவில்லை. வேலைக்காலம் முழுக்கக் கிராம சுகாதாரச் செவிலியராகவும் மேற்பார்வையாளராகவும் இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு கேள்வி விட மாட்டேன் என்கிறது. ஓர் ஆஸ்பத்திரியில் இன்று போன உயிர், அடுத்த மாதம் வேறோர் ஆஸ்பத்திரியில் அதே காரணத்துக்காகப் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? 2007இல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் இதற்கு 'கற்றுக்கொண்டே இருக்கும் சுகாதார அமைப்பு' என்று ஒரு பெயர் வைத்தது. நோயாளியைப் பார்க்கும்போது கிடைக்கிற தகவலே பாடமாகி, அந்தப் பாடம் சட்டென்று அடுத்த நோயாளிக்கு உதவ வேண்டும் என்பது சாரம். பெயர்தான் புதிது. மலாயாவில் நூறு வருஷத்துக்கு மேலாக இந்தக் காரியம் நடந்திருக்கிறது. அதில் நம் ஆட்களின் உடம்புக்கும் பெரிய பங்கு உண்டு. அந்த இடங்களைப் பார்க்கலாம் என்றுதான் கிளம்பினேன். "ஊர் சுத்திப் பாக்க வந்தவ ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போறேங்கறா" என்று சித்தி தலையில் அடித்துக்கொண்டார்.

தம்பி மனைவிக்கு ஏழாம் மாதம். சாப்பாட்டு மேசையில் ரோஸ் அட்டை போட்ட புத்தகம் ஒன்று கிடந்தது. அரசு கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பது. பிங்க் புக் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அட்டையில் பச்சை ஸ்டிக்கர்.

"இது என்னம்மா பச்சை?"

"ரத்தம் கொஞ்சம் கம்மியாம் அண்ணி. முதல்ல வெள்ளைதான் இருந்துச்சு. நாளைக்கு செக்கப். வர்றீங்களா?"

கேட்கவா வேண்டும்.

புதன், கிளினிக்

காலையிலேயே வரிசை. இந்த நாட்டுக் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். நம் காசுக்கு இருபது ரூபாய் சொச்சம்.

கர்ப்பிணிகள் அறையில் இருந்த நர்ஸ் ஒரு மலாய்ப் பெண். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். பிங்க் புத்தகத்தை வாங்கியவர் ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை. உள்ளே ஒரு பட்டியல் இருக்கிறது, நேராக அங்கே போனார். தலைவலி உண்டா, கால் வீக்கம் உண்டா, கண் மங்குகிறதா, பிள்ளை அசைகிறதா என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டு டிக் அடித்தார். ரத்த அழுத்தம் பார்த்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் அட்டையைத் திருப்பி, பச்சையே இருக்கட்டும் என்றார். ஒவ்வொரு தடவையும் நிறம் புதிதாகத்தான் முடிவாகிறது. போன மாதம் வெள்ளை என்பது இந்த மாதத்துக்குச் செல்லாது.

வெள்ளை என்றால் நர்ஸே பார்த்துக்கொள்ளலாம். பச்சைக்குக் கிளினிக் டாக்டர், மஞ்சளுக்கு ஸ்பெஷலிஸ்ட் டாக்டர். சிவப்பு விழுந்தால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு வண்டி. பட்டியல் சிவப்பு என்றால் சிவப்புதான். சொல்வது நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணாக இருந்தாலும் சரி. "லேசான தலைவலிக்கெல்லாம் ஏம்மா அனுப்பறீங்க" என்று மேலே இருப்பவர் எரிந்து விழுவதற்கு அங்கே இடம் குறைவு. இப்படி எரிந்து விழுந்த கதைகள் என்னிடம் ஒரு மூட்டை இருக்கிறது, அதனால்தான் இது கண்ணில் பட்டது.

மலேசியாவில் பிரசவத்தை ஒட்டி ஒரு தாய் இறந்தால், 1991 முதல் ஒரு ரகசிய விசாரணை நடக்கிறது. இங்கிலாந்தில் 1952இல் தொடங்கிய முறை. ரகசியம் என்றால் மூடி மறைப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தாயின் பெயர், டாக்டர் பெயர், நர்ஸ் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நடந்ததை மட்டும் மணி வாரியாக நிபுணர் குழுவுக்கு அனுப்புகிறார்கள். எந்த இடத்தில் வேறு மாதிரி செய்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்பதுதான் குழுவின் கேள்வி. நாடு முழுக்க வந்த மரணங்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு, ரத்தக்கொதிப்பு, இதய நோய் என்று ஒரே மாதிரி ஓட்டைகள் தெரிகின்றன. அதிலிருந்து சிகிச்சை வழிகாட்டிகளும் பயிற்சிகளும் வந்து, கடைசியில் நர்ஸ் கையில் இருக்கிற பட்டியலில் இன்னொரு வரியாக இறங்குகிறது.

1957இல், நாடு விடுதலை ஆன வருஷம், ஒரு லட்சம் பிறப்புக்கு 280 தாய்மார் அளவில் இறந்துகொண்டிருந்தார்கள். கொரோனாவுக்கு முந்தைய வருஷங்களில் அது இருபதுகளில் நின்றது. விசாரணை மட்டுமே இதைச் செய்துவிட்டது என்று சொன்னால் பொய். கிராமத்துக்குக் கிராமம் மருத்துவச்சி கிளினிக் வந்தது, ரோடு வந்தது, நாட்டு மருத்துவச்சிகளை விரட்டாமல் கூடச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் எண்ணிக்கை நன்றாகக் குறைந்த பிறகு, மிச்சம் இருக்கிற மரணங்களுக்கு ரோடு போட்டால் போதாது. ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தால்தான் முடியும்.

நான் வேலை பார்த்த மாவட்டத்திலும் தாய் இறப்புக் கூட்டம் உண்டு. மாவட்டத்தின் பேர் வேண்டாம். ஒரு கூட்டம் அப்படியே கண்ணில் நிற்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் ரத்தம் போய் இறந்த பெண். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து முதல் கேள்வி, "யார் டூட்டி?" சின்ன நர்ஸ் ஒருத்தி எழுந்து நின்றாள். கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற ஊசி அன்றைக்கு ஸ்டாக்கில் இருந்ததா, அதைக் குளிரில் வைக்கிற ஐஸ்பெட்டி ஓடியதா, கரண்ட் எத்தனை மணி நேரம் இல்லை, வண்டி எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மெமோ கொடுத்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து எல்லாருடைய பதிவேடும் பளிச்சென்று இருந்தது. ஐஸ்பெட்டி அப்படியே கிடந்தது.

கிளினிக்கிலிருந்து வெளியே வரும்போது வாசலில் ஓர் இந்தோனேசியப் பெண், நிறைமாதம், கணவனோடு ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டவருக்கு இங்கே கட்டணம் பல மடங்கு. காசுக்குப் பயந்து கடைசி நேரத்தில் வருகிற பெண்ணுக்குப் பட்டியலும் ஸ்டிக்கரும் கடைசி நேரத்தில்தான் கிடைக்கும். ஒரு வெள்ளி கட்டணத்தை மெச்சி எழுதினால் இதையும் எழுதத்தான் வேண்டும்.

வியாழன், ஜாலான் பஹாங்

செந்தூலிலிருந்து எல்ஆர்டி நகர ரயிலில் அடுத்த ஸ்டேஷனே தித்திவங்சா. இறங்கி நடந்தால் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரி, அதை ஒட்டியே ஐஎம்ஆர் என்கிற மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 1900இல் தொடங்கியது. இப்போது பெரும்பகுதி ஆய்வு வேலை செத்தியா ஆலாம் பக்கம் போய்விட்டது. காவலாளி வேலை இல்லாதவரை உள்ளே விடுவதில்லை. எனக்கும் உள்ளே வேலை இல்லை. எதிர்ப்பக்கக் கடையில் ஒரு தேதாரேக் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் கதை நம் சோற்றுப் பானையில் இருக்கிறது.

அந்தக் காலத்து மலாயாவில் பெரிபெரி என்றால் எல்லாருக்கும் நடுக்கம். கால் மரத்துப்போகும், வீங்கும், நடக்க முடியாது, பிறகு இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். தொற்று என்றார்கள், ஈரம் என்றார்கள், இடத்தோஷம் என்றார்கள். நெகிரி செம்பிலான் மாநிலத்தில் அரசு டாக்டராக இருந்த பிராடன் என்ற வெள்ளைக்காரர் நோயாளிகளோடு நிறுத்தாமல், நோய் வராதவர்களையும் பார்த்தார். அதே ஊர், அதே ஈரம், அதே கூலி வாழ்க்கை. ஆனால் தமிழர்களுக்கு இந்த நோய் அவ்வளவாக வரவில்லை. வீட்டிலேயே நெல் குத்திச் சாப்பிட்ட மலாய்க்காரர்களுக்கும் அப்படியே. சீனர்கள் சாப்பிட்டது சியாமிலிருந்து வந்த, மில்லில் தீட்டிய வெள்ளை அரிசி. தமிழர்கள் சாப்பிட்டது ஊரிலிருந்து கப்பலில் வந்த புழுங்கலரிசி.

நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற பி1 சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. அப்புறம் என்னதான் தீட்டினாலும் கொஞ்சம் தங்கும். பச்சரிசியைத் தீட்டினால் தவிட்டோடு போய்விடும். இது நமக்குத் தெரியும், பிராடனுக்குத் தெரியாது. தீட்டி வைத்த அரிசி கெட்டுப்போய் அதில் விஷம் உண்டாகிறது என்று அவர் நினைத்தார். காரணத்தைத் தப்பாகப் பிடித்தவர், ஆளைச் சரியாகப் பிடித்திருக்கிறார்.

1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பெரிபெரி பரவியது. அங்கே இருந்த டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் சொல்லச் சொன்னார். ஒற்றைப்படை எண்காரர்களுக்கு ஒரு வார்டு, வெள்ளை அரிசி. இரட்டைப்படைக்கு இன்னொரு வார்டு, புழுங்கலரிசி. மற்றதெல்லாம் ஒன்றுதான். கட்டடத்தில்தான் கோளாறோ என்று யாராவது கேட்டால் என்ன செய்வது? பாதியில் இரண்டு கூட்டத்தையும் வார்டு மாற்றிப் படுக்க வைத்தார், அரிசியை மட்டும் மாற்றவில்லை. வருஷம் முடிந்தபோது வெள்ளை அரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியில் இறந்திருந்தார்கள். புழுங்கலரிசிப் பக்கம் ஒருவரும் இல்லை.

படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது, கூடவே கோபமும் வருகிறது. அந்த மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைபட்டவர்களிடம் கேட்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பக்கம் சாவு ஏறிக்கொண்டே போனபோது நடுவிலேயே நிறுத்தியிருக்கலாமே என்று ஒரு செவிலியராக எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கு இப்படிப்பட்ட ஆய்வுகளில் இடையிடையே கணக்கைப் பார்த்து நிறுத்தச் சொல்ல ஒரு தனிக் குழு இருக்கும். அந்தக் குழு வருவதற்கு இந்த மாதிரிப் பல வார்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

பிறகு ஐஎம்ஆரைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும், நெகிரி செம்பிலானில் ரோடு போட வந்த ஜாவாத் தொழிலாளிகளை இரண்டாகப் பிரித்து, இரண்டு அரிசியையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் அரிசியின் பின்னாலேயே போனது. தீட்டும்போது போகிற ஏதோ ஒன்றுதான் காரணம் என்று 1909இல் சொல்லிவிட்டார்கள். அந்த 'ஏதோ ஒன்று' தையமின், அதாவது பி1, என்று பிரித்தெடுக்கப்பட்டது 1926இல், ஜாவாவில். பெயர் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1909இலேயே சிறையிலும் ஆஸ்பத்திரியிலும் அரிசியை மாற்றினால் ஆள் பிழைத்திருப்பான்.

சிக்கல் என்னவென்றால், வெளியே கடையில் வாங்குகிறவனுக்கு வெள்ளை அரிசிதான் பிடித்தது. ராத்திரி சித்தியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே சியாம் வெள்ளை அரிசியை உலையில் போட்டார். "புழுங்கல் இருக்கு, இட்லிக்கு வச்சிருக்கேன்" என்றார்.

வெள்ளி, கிள்ளான்

சித்தப்பா பிறந்த தோட்டம் இன்று இல்லை. ரப்பர் போய் செம்பனை வந்து, அதுவும் போய் வீட்டு மனைகள் வந்துவிட்டன. கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போய், லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, அவர் ஞாபகத்தில் இருந்த இடங்களைக் காட்டிக்கொண்டே வந்தார்.

1901இல் இந்த ஊரில் மலேரியா தலைவிரித்து ஆடியது. அதே வருஷம் திறந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, இன்றைய போர்ட் கிளாங், மூடிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போனது. அந்த வருஷம்தான் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் இங்கே வேலைக்கு வந்திருந்தார். மலேரியா கொசுவால் வருகிறது என்று ரொனால்டு ராஸ் கண்டுபிடித்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. வாட்சன் சதுப்பை வடித்தார், காட்டை வெட்டினார், நோய் சட்டென்று இறங்கியது. பெரிய வெற்றி. எல்லாத் தோட்டத்திலும் காட்டை வெட்டு, வாய்க்கால் வெட்டு என்று கிளம்பினார்கள்.

மேட்டுத் தோட்டங்களில் அதே வேலையைச் செய்தபோது மலேரியா கூடியது. பால்மரம் நடக் காட்டை அழித்த மலைச்சரிவுகளில், லயன் வீடுகளில் இருந்த தமிழ்க் கூலிகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். வாட்சன் இதைத் தட்டிக்கழிக்காமல் கொசுவைப் பார்க்கப் போனார். சமதளச் சதுப்பில் இருந்தது நிழல் விரும்புகிற ஒரு கொசு. மரத்தை வெட்டி வெயில் விழச் செய்தால் அது போய்விடும். மலை ஓடையில் இருந்தது வேறு இனம். அதற்கு வேண்டியதே வெயில் படுகிற தெளிந்த நீர். கீழே கொசுவை ஒழித்த கோடாலி மேலே கொசுவை வளர்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் மலை ஓடைகளை மண் குழாய் பதித்து நிலத்துக்கடியில் விட்டார்கள், எண்ணெய் தெளித்தார்கள்.

"எண்ணெய் தெளிக்கிறவரு எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் சித்தப்பா. "முதுகில டின்னைக் கட்டிக்கிட்டு ஓடையோரமா போவாரு. நாங்க பின்னாலேயே ஓடுவோம். டிரெஸ்ஸர் பாத்தா விரட்டுவாரு." தோட்டத்து மருந்தகத்தை நடத்துகிறவருக்கு டிரெஸ்ஸர் என்று பெயர். எந்த லயனில் எத்தனை பேர் காய்ச்சலில் படுத்தார்கள் என்ற கணக்கு அவரிடம்தான் இருக்கும்.

நம் துறையில் ஒரு வியாதி உண்டு. ஒரு மாவட்டத்தில் ஒரு திட்டம் நன்றாக ஓடிவிட்டால், அடுத்த மாதமே முப்பது மாவட்டத்துக்கும் சுற்றறிக்கை வந்துவிடும். எந்தக் கொசு என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

சனி, பட்டர்வொர்த் ரயில்

காலையில் கிளம்புமுன் எதிர்வீட்டு அக்கா டிங்கி (நம் ஊர் டெங்கு) கதையை எடுத்தார். அவருக்கே இரண்டு முறை வந்திருக்கிறதாம். புகை அடித்தால் வீட்டுக்குள்ளே ஓடிவந்து கொசு பதுங்கிக்கொள்கிறது என்பது அவர் புகார், அதில் நியாயம் உண்டு. ஐஎம்ஆர்காரர்கள் 2017 முதல் கோலாலம்பூரைச் சுற்றிச் சில குடியிருப்புகளில் வேறு வழியில் போயிருக்கிறார்கள். வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏறிய ஏடிஸ் கொசுவைத் தாங்களே வளர்த்து வெளியே விடுவது. அந்தக் கொசுவுக்குள் டிங்கி வைரஸ் சரியாகப் பெருகாது. வேறு நாடுகளில் அதிகம் பயன்பட்ட பாக்டீரியா வகை வெயில் சூட்டில் தளர்ந்துவிடும் என்பதால், இந்தச் சூட்டைத் தாங்குகிற இன்னொரு வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். விட்ட இடங்களில் டிங்கி சுமார் 40 சதவீதம் குறைந்ததாக 2019இல் வெளியிட்டார்கள். வாட்சன் கற்ற பாடத்தை இவர்கள் மறக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

ரயில் ஈப்போவைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் குன்றுகள். இந்தச் சுற்றுவட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில்தான் 1998 செப்டம்பரில் மூளைக்காய்ச்சல் ஒன்று கிளம்பியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். சிலருடைய ரத்தப் பரிசோதனையும் அதற்கு ஒத்துப்போனது. புகை அடித்தார்கள், ஊசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை, தெற்கே நெகிரி செம்பிலானுக்கும் போனது.

பொருந்தாத விஷயங்கள் முதல் நாளிலிருந்தே கண் எதிரே இருந்தன. ஜப்பானியக் காய்ச்சல் அதிகமும் பிள்ளைகளுக்கு வரும், இங்கே படுத்தது வளர்ந்த ஆண்கள். ஊசி போட்டவர்களும் படுத்தார்கள். கொசு எல்லாரையும் கடிக்கும், இந்த நோயோ பன்றியோடு புழங்கியவர்களைத்தான் தேடிப் பிடித்தது. பண்ணைக்காரர்களும், அங்கே கூலிக்கு இருந்த நம் ஆட்களும் அதில் அடக்கம். பன்றிகள் வேறு ஊரெல்லாம் கேட்கிற மாதிரி இருமிச் செத்தன. 1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் வைரஸ் துறையில் பயிற்சியில் இருந்த டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து புது வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்த ஊரின் பெயரிலேயே அது நிப்பா ஆனது. பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கு, பன்றியிலிருந்து மனிதனுக்கு. பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றபின் அடங்கியது. 265 பேருக்கு வந்து 105 பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் அடுத்த ஆளும் மூளைக்காய்ச்சலோடு வந்ததுமே, அங்கே டாக்டர்கள் நிப்பாவைச் சந்தேகித்தார்கள். அப்படியும் 17 பேர் இறந்தார்கள். ஆனால் இங்கே மாதக்கணக்கில் நடந்த தேடல் அங்கே நாள்கணக்கில் முடிந்தது. ஈப்போ கொடுத்த விலை அது.

ஞாயிறு, ஜார்ஜ்டவுன்

பட்டர்வொர்த்திலிருந்து படகில் தீவுக்கு வந்து சேர்ந்தாகிவிட்டது. சித்தப்பாவின் தங்கை வீட்டில் ஜாகை. காலையில் குவீன் தெரு மாரியம்மன் கோயில், பிறகு ஒரு நாசி கண்டார். குழம்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்றித் தருகிறார்கள். சர்க்கரைக்காரர்கள் தள்ளி நிற்கவும்.

மத்தியானம் பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் வாசல் வரை போய்வந்தேன். 1816இல் தொடங்கிய பள்ளிக்கூடம். இங்கே படித்த ஒரு பொற்கொல்லர் மகன், வூ லியன் தே. 1879இல் இந்த ஊரில் பிறந்தவர். உதவித்தொகை வாங்கி கேம்பிரிட்ஜ் போய் டாக்டராகி 1903இல் திரும்பி வந்தார். வந்ததும் சேர்ந்த இடம் கோலாலம்பூர் ஐஎம்ஆர். ஆராய்ந்த நோய்களில் ஒன்று பெரிபெரி! ஆனால் பிரிட்டிஷ் ஆட்சியில் மேல்பதவி வெள்ளைக்காரருக்குத்தான் என்று ஒரு விதி. கேம்பிரிட்ஜ் பட்டம் இருந்தும் வூவுக்கு இடமில்லை. பினாங்கில் தனியாக வைத்தியம் பார்த்தார், அபினுக்கு எதிராகக் குரல் கொடுத்து வம்பில் மாட்டினார், கடைசியில் சீனாவுக்குப் போய்விட்டார்.

1910 டிசம்பரில் அவரை ஹார்பினுக்கு அனுப்பினார்கள். கடுங்குளிர், பிளேக், தினமும் சாவு. பிளேக் என்றால் எலி, எலியின் தெள்ளு என்று பாடம் எழுதியாகிவிட்ட காலம். வூ பிரேதப் பரிசோதனை செய்து, நோய் நுரையீரலில் இருக்கிறது, மூச்சுக் காற்றில் பரவுகிறது என்றார். காஸ் துணிக்கு நடுவே பஞ்சை வைத்து மடித்து, எல்லாரும் மூக்கையும் வாயையும் மூடச் சொன்னார். அங்கே வந்த மெஸ்னி என்ற மூத்த பிரெஞ்சு டாக்டருக்கு இந்தச் சின்னப் பையனின் பேச்சு ஏறவில்லை. முகமூடி இல்லாமல் வார்டுக்குப் போனார். சில நாளில் பிளேக்கிலேயே இறந்தார். அதற்குப் பிறகுதான் எல்லார் முகத்திலும் துணி ஏறியது. அந்தக் கொள்ளைநோய் 60,000 பேரைக் கொண்டுபோனது, ஆனால் சில மாதத்தில் அடங்கியும் விட்டது.

மெஸ்னியைத் திட்டுவது சுலபம். எனக்கு ஆத்திரம் அந்த விதியின் மேல். 1903இல் கையில் கிடைத்த ஆளை, தோல் நிறத்தைப் பார்த்து வாசலிலேயே நிறுத்திய நிர்வாகம் எத்தனை பாடத்தைத் தவற விட்டிருக்கும்!

திங்கள், ஜார்ஜ்டவுன்

அத்தை மகன் இந்தத் தீவில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். ராத்திரி டூட்டி முடிந்து வந்து தூங்கி எழுந்தவனைப் பிடித்து உட்கார வைத்தேன். தப்பு நடந்தால் உங்கள் வார்டில் என்ன செய்வீர்கள்?

"எழுதிக் குடுப்போம் அக்கா. தப்பு நடக்காம மயிரிழையில தப்பிச்சாலும் எழுதணும்."

ஒரு கதை சொன்னான். டோபமின், டோபுட்டமின் என்று இரண்டு மருந்து. இரண்டும் ரத்த அழுத்தமும் இதயமும் தள்ளாடும்போது போடுவது, பேரும் டப்பாவும் பக்கத்துப் பக்கத்தில். விடிகாலை நாலு மணிக்கு ஒரு நர்ஸ் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்துவிட்டாள். ஏற்றுமுன் இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும் என்ற விதி இருந்ததால் பிடித்துவிட்டார்கள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் எழுதிக் கொடுத்தாள். கொஞ்ச நாளில் மருந்தகத்திலிருந்து ஆள் வந்து, இரண்டையும் வேறு வேறு தட்டில் வைத்து, பெயரில் வித்தியாசப்படுகிற எழுத்துகளை மட்டும் பெரிதாகத் தடிமனாக அச்சடித்து ஒட்டினார்கள். பக்கத்து வார்டுகளிலும் அப்படியே செய்தார்கள்.

"அவளைத் திட்டலையா?"

"கூப்பிட்டுக் கேட்டாங்க. எத்தனாவது மணி நேர டூட்டி, லைட் எப்படி இருந்துச்சு, டப்பா எங்க இருந்துச்சுன்னு."

என் ஐஸ்பெட்டி ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அவன் விடாமல், "எல்லா எடத்துலயும் இப்படின்னு எழுதிடாதீங்க. சில சிஸ்டர் இன்சார்ஜ் இருக்காங்க, வார்டு பேர் கெட்டுடும்னு ஃபாரமே குடுக்க மாட்டாங்க. மாசாமாசம் அவங்க வார்டுல பூஜ்யம்னுதான் போகும். மீட்டிங்ல கைதட்டும் அவங்களுக்குத்தான்" என்றான். கைதட்டுகிறவர்கள் அந்த வார்டுக்கு ஒரு ராத்திரி நேரில் போய்ப் பார்க்கலாம் என்றேன். "நீங்களே வந்து சொல்லுங்க" என்று சிரித்தான்.

அவர்களுடைய ஃபாரத்தின் வெற்றுப் பிரதி ஒன்று கேட்டிருக்கிறேன். மலாயில் இருக்கும், பரவாயில்லை. ஊருக்குப் போனதும் என் பழைய சிஸ்டர்களிடம் இரண்டு கணக்குக் கேட்க வேண்டும். போன வருஷம் எத்தனை பேர் எழுதிக் கொடுத்தார்கள், அதில் எத்தனை பேருக்குத் திரும்பப் பதில் வந்தது. நாளைக் காலைப் படகில் பட்டர்வொர்த், அங்கிருந்து கோலாலம்பூர் ரயில். தம்பி மனைவிக்கு அடுத்த செக்கப் வியாழக்கிழமை.